மருத்துவ உளவியலில் முனைவர் படிப்பு: எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ மருத்துவ உளவியல் (கிளினிக்கல் சைக்காலஜி) படிக்க விண்ணப்பிக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நானும் இதைப் படித்து வந்தவள்தான். இப்போது பயிற்சியில் இருக்கும் மாணவர்களுக்கு சூப்பர்விஷன் செய்கிறேன், அதாவது அவர்கள் தரும் சிகிச்சையைப் பார்த்து வழிகாட்டுகிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சில இடங்களில் நல்ல மாணவர்கள் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கொஞ்சம் நின்று பேசியிருக்கிறேன்.

எனக்கு முனைவர் பட்டம் கட்டாயம் வேண்டுமா?

மற்ற கேள்விகளுக்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மனிதர்களோடு உட்கார்ந்து பேசி, சிகிச்சை தந்து, அதிலேயே வாழ்நாள் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அதற்கு முதுகலைப் படிப்பே போதும். சமூகப்பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.), ஆலோசனை உளவியல் சார்ந்த கவுன்சலிங் முதுகலை, குடும்பநலச் சிகிச்சைக்கான முதுகலை என்று மூன்று வழி இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் முடியும். எம்.எஸ்.டபிள்யூ.வில் மட்டும் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி உண்டு. பிறகு சூப்பர்விஷனில் சில காலம் வேலை பார்த்து லைசென்ஸ் வாங்கித் தனியாகவே கிளினிக் நடத்தலாம்.

அப்படியானால் முனைவர் பட்டம் எதற்கு? அறிவுத்திறன், நினைவாற்றல், மூளைக் காயத்துக்குப் பிந்தைய செயல்பாடு போன்றவற்றை அளக்கும் உளவியல் சோதனைகள் செய்ய, ஆராய்ச்சி செய்ய, பல்கலைக்கழகத்தில் கற்பிக்க, பெரிய மருத்துவமனைகளில் உளவியல் பிரிவை நடத்த. அப்புறம், 'சைக்காலஜிஸ்ட்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ள. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலும் முனைவர் பட்டம் இருந்தால்தான் அந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்தலாம். கனடாவில் ஆல்பர்ட்டா போன்ற சில மாகாணங்கள் முதுகலையோடும் அனுமதிக்கின்றன.

இந்தப் பட்டியலில் எதுவுமே உங்களை இழுக்கவில்லை என்றால், ஐந்து முதல் ஏழு ஆண்டுகளை இதில் போடாதீர்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்தான் நல்ல சிகிச்சையாளர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மருந்து எழுதித் தர முடியுமா?

பொதுவாக முடியாது, அது மனநல மருத்துவரின் வேலை. 2002-இல் நியூ மெக்சிகோ முதலாவதாகக் கதவைத் திறந்தது. அதன்பின் வேறு சில மாநிலங்களும், கூடுதல் பயிற்சி முடித்த உளவியலாளர்களுக்கு மருந்து எழுத அனுமதி தந்திருக்கின்றன. மருந்துதான் உங்கள் ஆர்வம் என்றால் மருத்துவப் படிப்புக்கே போங்கள்.

பிஎச்.டி.யா, சை.டி.யா?

சை.டி. என்பது 'டாக்டர் ஆஃப் சைக்காலஜி' பட்டம். இரண்டுக்கும் கிடைப்பது ஒரே லைசென்ஸ்தான். வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் குழப்பம் பாதி தீரும்.

1949-இல் கொலராடோ மாநிலம் போல்டரில் ஒரு மாநாடு நடந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு மனநலச் சிகிச்சை தர ஆட்கள் போதவில்லை. அவர்களை எப்படிப் பயிற்றுவிப்பது என்பதுதான் பேச்சு. மருத்துவ உளவியலாளர் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேர இருக்க வேண்டும் என்று முடிவானது. இன்றைய பிஎச்.டி. படிப்புகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை.

ஆனால் சிகிச்சை மட்டுமே செய்யப் போகிறவர் ஏன் இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி ஓயவில்லை. 1968-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் முதல் சை.டி. படிப்பைத் தொடங்கியது. 1973-இல் வேய்ல் நகரில் கூடிய மாநாடு, தொழில்முறைப் பயிற்சியை முதன்மையாக வைக்கும் அந்த வழியை ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் எழுந்தது: அறிவியல் ஆதாரம் இல்லாத சிகிச்சையைச் செய்யவே கூடாது, பயிற்சி முழுக்க ஆராய்ச்சியைச் சார்ந்தே இருக்க வேண்டும் என்றார் ரிச்சர்ட் மெக்ஃபால், 1991-இல். 'கிளினிக்கல் சயின்ஸ்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் படிப்புகள் இந்தக் கருத்தைத் தாங்கி வந்தவை.

சரி, இதில் உங்களுக்கு எது? தரவோடு மல்லுக்கட்டுவது பிடிக்கும், ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து ஆண்டு போக முடியும் என்றால் பிஎச்.டி. ஆராய்ச்சியைப் படித்துப் பயன்படுத்துவேன், ஆனால் அதை உற்பத்தி செய்வது என் வேலையல்ல என்றால் சை.டி. இது மனச்சாய்வு சார்ந்த பதில். பணத்தைச் சேர்த்துப் பார்த்தால் பதில் மாறலாம். அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிஎச்.டி.யில் சிகிச்சைப் பயிற்சி குறைவு என்று நினைக்கிறார்கள். நல்ல பிஎச்.டி. படிப்பில் முதல் அல்லது இரண்டாம் ஆண்டிலேயே பிராக்டிகம், அதாவது நேரடிச் சிகிச்சைப் பயிற்சி, தொடங்கிவிடும்.

பணத்துக்கு என்ன செய்வது?

பல்கலைக்கழகங்களில் நடக்கும் பிஎச்.டி. படிப்புகள் பலவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. கற்பித்தலிலோ ஆராய்ச்சியிலோ உதவியாளராக வேலை பார்ப்பீர்கள். மாதாமாதம் ஸ்டைபண்டு வரும். அது தாராளமான தொகை அல்ல. வீட்டு வாடகை அதிகமான ஊர்களில் கையைக் கடிக்கும். ஆனால் கடனில்லாமல் வெளியே வரலாம்.

சை.டி. படிப்புகளில் பெரும்பாலும் மாணவரே கட்டணம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல் வாங்கும் இடங்கள் உண்டு. ஒரு வகுப்பில் முப்பது, ஐம்பது பேரைச் சேர்க்கும், பல்கலைக்கழகம் எதையும் சாராத தனிநிலைக் கல்லூரிகளில் படித்துவிட்டு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய கடனோடு வருபவர்களைப் பார்ப்பது சாதாரணம். இதில் விதிவிலக்குகளும் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும், குறைந்த பேரைச் சேர்க்கும் சை.டி. படிப்புகளில் சில, உதவித்தொகை தருகின்றன. பெய்லர் பல்கலைக்கழகம் அப்படி ஒன்று. ஆகவே 'சை.டி. என்றாலே கடன்' என்று ஒதுக்கிவிடாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சேர்க்கைக் கடிதத்தில் எத்தனை ஆண்டுக்கு உதவித்தொகை உத்தரவாதம் தந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். "முதல் ஆண்டு முழு உதவி" என்று எழுதியிருக்கும். இரண்டாம் ஆண்டுக்கு ஒரு வார்த்தையும் இருக்காது. கோடையில் ஸ்டைபண்டு உண்டா, மருத்துவக் காப்பீடு சேர்ந்ததா, இன்டர்ன்ஷிப் (பட்டத்துக்கு முந்தைய முழுநேரப் பயிற்சி) ஆண்டிலும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் நம்பியிருந்த கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்குக் கிடையாது. பழைய மாணவர்கள் சமாளித்தது போலவே நீங்களும் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் பழைய கணக்கைச் சொல்கிறார்.

அங்கீகாரம் இல்லாத படிப்பில் சேரலாமா?

வேண்டாம். இதில் நான் வளைந்து கொடுப்பதில்லை.

அமெரிக்காவில் ஏ.பி.ஏ. எனப்படும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம். கனடாவில் கனடிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம். ஆராய்ச்சி சார்ந்த படிப்புகளில் சில, பி.சி.எஸ்.ஏ.எஸ். என்ற இன்னொரு அமைப்பின் அங்கீகாரமும் வைத்திருக்கும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் நல்ல இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் கைநழுவும், சில மாநிலங்களில் லைசென்ஸ் சிக்கலாகும், முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் போன்ற பெரிய வேலையிடங்கள் விண்ணப்பத்தையே எடுக்க மாட்டா.

'பிராந்திய அங்கீகாரம் பெற்றது' என்ற சொல்லில் ஏமாறாதீர்கள். அது பல்கலைக்கழகம் முழுவதற்குமான அங்கீகாரம். உங்கள் படிப்புக்கானது அல்ல. 'விரைவில் விண்ணப்பிக்க இருக்கிறோம்' என்பதையும் நம்பிச் சேர வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியல் ஏ.பி.ஏ. தளத்திலேயே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை.

ஆன்லைனில் படிக்கலாமா?

முழுக்க ஆன்லைனில் நடக்கும் முனைவர் படிப்புக்கு ஏ.பி.ஏ. அங்கீகாரம் தருவதில்லை. மேலே சொன்ன பதிலே இதற்கும்.

ஒரு படிப்பு நல்லதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

ஏ.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் தன் மாணவர்கள் என்ன ஆனார்கள் என்ற எண்களைத் தன் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. மாணவர் சேர்க்கை, விளைவுகள் பற்றிய தகவல் என்ற தலைப்பில் கீழே எங்காவது ஒரு இணைப்பு இருக்கும். படிப்பின் அழகான படங்களையும் வாசகங்களையும் தாண்டிப் போய் அதைத் திறங்கள். நான் அதைப் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் விலகியவர்கள். ஒவ்வொரு ஆண்டும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்காமலே போனார்கள் என்று இருக்கும். எட்டுப் பேர் வகுப்பில் ஒரு ஆண்டு ஒருவர் விலகினால் அது வாழ்க்கை. யாருக்கோ உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம், மனம் மாறியிருக்கலாம். ஆனால் எடுத்துக்காட்டுக்கு நாற்பது பேர் சேர்ந்த வகுப்பில் ஆண்டுதோறும் எட்டு, ஒன்பது, பத்து என்று விலகிக்கொண்டே இருந்தால் அங்கே ஏதோ ஒன்று சரியில்லை. அப்படி விலகிய அத்தனை பேரும் கட்டணம் கட்டியவர்கள்.

அடுத்தது இன்டர்ன்ஷிப். பட்டம் வாங்குவதற்கு முன் ஒரு ஆண்டு முழுநேர இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். அந்த இடங்கள் பெரும்பாலும் ஆப்பிக் என்ற அமைப்பு நடத்தும் 'மேட்ச்' மூலம் ஒதுக்கப்படும்: மாணவர்கள் இடங்களை வரிசைப்படுத்துவார்கள், இடங்கள் மாணவர்களை வரிசைப்படுத்தும், கணினி பொருத்திவிடும், பிப்ரவரியில் முடிவு வரும். வந்த முடிவை மாற்ற முடியாது. 2010-களின் தொடக்கத்தில் இடங்கள் மிகவும் பற்றாக்குறையாக இருந்து, பலர் ஓராண்டு வீணாகக் காத்திருந்தார்கள். இப்போது அந்த நெருக்கடி தணிந்துவிட்டது. அதனாலேயே இன்றைக்கும் ஒரு படிப்பின் மாணவர்கள் கணிசமாக இடம் கிடைக்காமல் நிற்கிறார்கள் என்றால் அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் 'இன்டர்ன்ஷிப் பெற்றவர்கள்' என்ற வரியோடு நின்றுவிடாமல், 'அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப் பெற்றவர்கள்' என்ற வரியைத் தேடுங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால் அந்தப் படிப்பை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

மூன்றாவது, முடிக்க எத்தனை ஆண்டு. சராசரியைவிட, ஏழு ஆண்டுக்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்பது அதிகம் பேசும். கட்டணம் கட்டும் படிப்பில் இது நேரடியாகக் கடனாக மாறும்.

கடைசியாக லைசென்ஸ். பட்டம் வாங்கி 2 முதல் 10 ஆண்டு ஆனவர்களில் எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு இது. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆராய்ச்சி சார்ந்த பிஎச்.டி. படிப்பில் இந்த எண் குறைவாக இருந்தால் பட்டதாரிகள் பேராசிரியர் வேலைக்குப் போய், லைசென்ஸ் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். சிகிச்சையாளர்களை உருவாக்குவதே நோக்கம் என்று சொல்லும் சை.டி. படிப்பில் இந்த எண் குறைவாக இருந்தால் அதற்கு அப்படியொரு சமாதானம் கிடையாது.

லைசென்ஸுக்கான இ.பி.பி.பி. தேர்வில் 225 கேள்விகள். அவற்றில் 175-க்கு மட்டுமே மதிப்பெண். அதற்குப் படிப்பது உங்கள் பாடு என்றாலும், அடித்தளம் படிப்பில்தான் போடப்படுகிறது.

எண்கள் சரி. அவற்றில் தெரியாதது என்ன?

சூப்பர்விஷன். எந்த அட்டவணையிலும் வராத இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். இந்தத் தொழிலைப் புத்தகத்தில் கற்க முடியாது. நீங்கள் செய்வதை ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், பார்த்ததை உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஒரு மதியம் நடந்ததைச் சொல்கிறேன். ஆளைக் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு மாணவி தன் நான்காவது செஷனின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். குறிப்பேட்டில் அழகாக எழுதியிருந்தார்: வந்தவர் நன்றாக ஒத்துழைத்தார், பயிற்சித்தாளை முடித்தோம். வீடியோவில் பதினான்காவது நிமிடம். வந்தவர் தன் அப்பா இறந்த நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மேசையைப் பார்க்கிறார். மூன்று விநாடி. உடனே மாணவியின் குரல்: "சரி, போன வாரத் தாளைப் பார்ப்போமா?" அவர் தலையாட்டிவிட்டுத் தாளை எடுக்கிறார்.

நான் வீடியோவை நிறுத்தினேன். "இந்த இடத்தில் உங்களுக்குள் என்ன நடந்தது?" என்று கேட்டேன். மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அவர் அழுதுவிடுவாரோ என்று பயந்துவிட்டேன்." அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் அந்த மூன்று விநாடியைத்தான் பேசினோம். அடுத்த வாரம் மாணவி அவசரப்படாமல் காத்திருந்தார். வந்தவர் அழுதார், பிறகு பேசினார்.

அந்த மூன்று விநாடி குறிப்பேட்டில் இல்லை. வீடியோ இல்லாமல், மாணவர் வாயால் சொல்வதை மட்டும் கேட்டு நடத்தும் சூப்பர்விஷனில் அது வெளியே வந்தே இருக்காது. மாணவி மறைக்கவில்லை, அது நடந்ததே அவருக்குத் தெரியவில்லை.

அதனால் இதைக் கேளுங்கள்: செஷன்களைப் பதிவு செய்து பார்க்கிறீர்களா, ஒருவழிக் கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்க்கிறீர்களா, மாணவர் சொல்வதை மட்டும் கேட்கிறீர்களா? ஒவ்வொரு மதிப்பீட்டுக் காலத்திலும் ஒரு முறையாவது நேரடியாகவோ பதிவிலோ பார்த்திருக்க வேண்டும் என்பது ஏ.பி.ஏ. விதி. அந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்ளும் இடமும் உண்டு, வாரா வாரம் பார்க்கும் இடமும் உண்டு. தனியாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? ஒரு சூப்பர்வைசரிடம் எத்தனை மாணவர்கள்? படிப்புக்கென்று சொந்தக் கிளினிக் இருக்கிறதா, அல்லது முதல் நாளிலிருந்தே வெளியிடங்களுக்கு அனுப்பிவிடுகிறார்களா? வெளியிடம் என்றால், அதை மாணவர் தானே தேடிக்கொள்ள வேண்டுமா? அந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதா, பேராசிரியரைப் பார்ப்பதா?

பிஎச்.டி.யில் பேராசிரியரை. பெரும்பாலான இடங்களில் நீங்கள் விண்ணப்பிப்பது ஒரு துறைக்கு என்று தோன்றினாலும், உங்களைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு குறிப்பிட்ட பேராசிரியர்தான். அடுத்த ஐந்தாறு ஆண்டு அவர் ஆய்வுக்கூடத்தில் இருப்பீர்கள், உங்கள் ஆய்வேடு அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். அவருடைய கடைசி நான்கைந்து கட்டுரைகளைப் படியுங்கள். அவர் வரும் ஆண்டில் மாணவர் எடுக்கிறாரா என்று துறைப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம், தவறில்லை.

கட்டுரைகளில் மாணவர்களின் பெயர் எங்கே வருகிறது என்று பாருங்கள். முதல் பெயராக மாணவர்கள் அடிக்கடி வந்தால், அவர் எழுத விடுகிறார் என்று பொருள். அப்புறம், அவர் ஓய்வு பெறப் போகிறாரா, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் போகிறாரா? இதை அவரிடமே நேரடியாகக் கேட்பது கஷ்டம். "வழிகாட்டி போய்விட்டால் மாணவர்களை என்ன செய்வீர்கள்?" என்று படிப்பின் இயக்குநரிடம் கேட்கலாம். இதற்கு முன் நடந்ததை வைத்துப் பதில் சொல்லும் இயக்குநரை நான் நம்புவேன்.

சை.டி.யில் ஒரே வழிகாட்டியின் பிடி இத்தனை இறுக்கமாக இருக்காது. அங்கே பிராக்டிகம் இடங்களையும் சூப்பர்வைசர்களையும் பாருங்கள்.

எந்தச் சிகிச்சை முறையைக் கற்றுத் தருகிறார்கள் என்பது முக்கியமா?

முக்கியம்தான், ஆனால் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. அறிவாற்றல் சிகிச்சையை ஆரன் பெக் வளர்த்தது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில்; டி.பி.டி. எனப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை மார்ஷா லினஹன் உருவாக்கியது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில். இந்த வரலாற்றைப் பார்த்து மட்டும் விண்ணப்பிக்கிறவர்கள் உண்டு. தோற்றுவித்தவரின் பெயரைவிட, இன்று அங்கே அந்த முறையை மாணவர்களுக்கு யார் சொல்லித் தருகிறார், எந்தக் கிளினிக்கில் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

ஒரே ஒரு முறையைத் தவிர மற்ற எதையும் ஏளனமாகப் பேசும் துறையில் மாணவர்கள் குறுகிப்போவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் கலந்தது என்று சொல்லி எதையும் ஆழமாகக் கற்றுத் தராத இடமும் அதே அளவு சிக்கல். ஒரு முறையிலாவது கை நன்றாகப் பழகி வெளியே வர வேண்டும்.

ஜி.ஆர்.இ. என்ற மேற்படிப்பு நுழைவுத்தேர்வு எழுத வேண்டுமா?

2020-க்குப் பிறகு பல படிப்புகள் அதைக் கைவிட்டுவிட்டன. சில இன்னும் கேட்கின்றன. பட்டியல் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கே மனச்சோர்வு இருந்தது. அதனால்தான் இந்தத் துறைக்கு வருகிறேன். அதை நோக்க அறிக்கையில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரையில்) எழுதலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்மேல் எனக்குத் தனி அன்பு உண்டு. பலர் இந்தத் துறைக்கு வந்த வழி இதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அறிக்கையில் எழுத வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

2006-இல் டிரூ ஆப்பிள்பி, காரன் ஆப்பிள்பி இருவரும் உளவியல் சேர்க்கைக் குழுத் தலைவர்கள் 88 பேரிடம், நல்ல விண்ணப்பத்தைக் கெடுப்பது எது என்று கேட்டார்கள். சொந்த மனநலப் பிரச்சினைகளை விரித்து எழுதுவது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணங்களில் ஒன்று. மனநலத் துறையே இப்படி நினைப்பது நியாயமா என்றால், இல்லை. அது மாற வேண்டும். ஆனால் உங்கள் விண்ணப்பத்தை வைத்து அந்தச் சண்டையைப் போட வேண்டாம். அறிக்கையைப் படிப்பவர் தேடுவது: என்ன கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது, அதற்காக இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், ஏன் இந்தப் பேராசிரியரிடம். 'மனிதர்களுக்கு உதவ ஆசை' என்ற வரியும் வேண்டாம். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

வெளிநாட்டு மாணவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

இன்டர்ன்ஷிப்தான். முன்னாள் படைவீரர் துறை மருத்துவமனைகள் அமெரிக்காவிலேயே மிக அதிகமான உளவியலாளர்களைப் பயிற்றுவிக்கும் இடம். ஆனால் அங்கே இன்டர்ன்ஷிப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். சிறைச்சாலைகள், வேறு சில அரசு இடங்களிலும் இதுபோன்ற தடைகள் உண்டு. ஆக, மேட்ச்சில் உங்கள் முன் இருக்கும் இடங்கள் மற்றவர்களைவிடக் குறைவு. அந்தப் படிப்பில் இதற்கு முன் படித்த வெளிநாட்டு மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சமீபத்தில் அப்படி யாருமே இல்லை என்றால் அந்தச் சிக்கல்களை முதலில் சந்திப்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

படித்துவிட்டு வேறு நாட்டில் வேலை பார்ப்பதாக இருந்தால், அந்த நாட்டின் பதிவு விதிகளை இப்போதே படியுங்கள். பிரிட்டனில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பெயர், எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு செய்யாமல் அமெரிக்கப் பட்டத்தை மட்டும் காட்டி வேலை செய்ய முடியாது.

நேர்காணலில் யாரிடம் என்ன கேட்பது?

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். நேர்காணல்கள் ஜனவரி, பிப்ரவரியில். பேராசிரியர்கள் உங்களைக் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது அங்கே படிக்கும் மாணவர்களிடம், அதுவும் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம். முதலாண்டு மாணவருக்கு இன்னும் சந்தோஷம் தீர்ந்திருக்காது.

"இங்கே பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் "பிடித்திருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக நீங்கள் ஒரு வாரம் விடுப்பு எடுத்தது எப்போது? அப்போது உங்கள் பேராசிரியர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். "உங்கள் வகுப்பில் யாராவது விலகினார்களா? துறை அதை எப்படி எடுத்துக்கொண்டது?" பதில் வருவதற்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் அதையும் கவனியுங்கள். பேராசிரியர் அறைக்குள் வந்ததும் பேச்சு எப்படி மாறுகிறது என்பதையும்.

முதல் முறை எங்கேயும் கிடைக்கவில்லை. விட்டுவிடலாமா?

பத்துக்கும் குறைவான இடத்துக்குச் சில நூறு பேர் விண்ணப்பிக்கும் படிப்புகள் இவை. முதல் முறை கிடைக்காதது உங்களைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. இரண்டு ஆண்டு ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளராக வேலை பார்த்துவிட்டு வருபவர்கள்தான் இன்று அதிகம். கிடைக்காத வருத்தத்தில், அங்கீகாரம் இல்லாத இடத்திலோ, எண்கள் மோசமான இடத்திலோ அவசரமாகச் சேர்ந்துவிடாதீர்கள். ஒரு ஆண்டு தாமதத்தைச் சரிக்கட்டிவிடலாம்.

இரண்டு இடத்தில் கிடைத்திருக்கிறது. ஒரு இடம் உடனே பதில் சொல்லச் சொல்கிறது. என்ன செய்வது?

உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு என்று அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் பல தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் அதற்கு முன் உங்களை நெருக்கக் கூடாது. மரியாதையாக அந்தத் தேதியை நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்.

அந்த நாட்களுக்குள் இரண்டு இடத்திலும் சமீபத்தில் முடித்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பத்து நிமிடம் பேசுங்கள். படிக்கும் மாணவருக்குத் தன் பேராசிரியரின் பயம் இருக்கும், முடித்தவருக்கு இருக்காது. உங்களுக்கு வேண்டாம் என்று முடிவான இடத்துக்கு அன்றைக்கே எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் அந்த இடத்துக்காக இன்னொருவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.